கனேடோ ஷிண்டோ: ஸ்டூடியோவுக்கு வெளியே அறுபது ஆண்டுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனேடோ ஷிண்டோ யார்?

ஜப்பானியத் திரைப்பட இயக்குநர், திரைக்கதை ஆசிரியர். 1912 ஏப்ரல் 22 அன்று ஹிரோஷிமா மாகாணத்தின் ஊரகப் பகுதியொன்றில் பிறந்து, 2012 மே 29 அன்று, நூறு வயது நிறைந்து ஒரு மாதம் கடந்த நிலையில், டோக்கியோவில் காலமானார். இயக்கிய படங்கள் ஐம்பதை ஒட்டியவை; தமக்கும் பிறருக்குமாக எழுதிய திரைக்கதைகள் இருநூறுக்கு மேல். நீண்ட ஆயுளும் நிறைய படங்களும் வேறு சிலருக்கும் வாய்த்திருக்கின்றன. ஆனால் 1950இல் பெரிய ஸ்டூடியோ ஒன்றை விட்டு வெளியேறி, இரண்டு தோழர்களுடன் ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்கி, தம் தொண்ணூற்றெட்டாம் வயதில் எடுத்த கடைசிப் படம்வரை அந்த நிறுவனத்தின் வழியாகவே இயங்கியவர் என்று வேறொருவரைச் சுட்டுவது கடினம். ஆகவே அவருடைய படங்களைப் பற்றிப் பேசும்போது அவை எப்படி எடுக்கப்பட்டன, யார் பணம் கொடுத்தார்கள், எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பதையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது. பணமில்லாமை அவருக்கு இடையூறாக மட்டும் இருந்துவிடவில்லை. அவருடைய படங்களின் வடிவத்தையே அது தீர்மானித்தது.

அவர் திரைத்துறைக்கு எப்படி வந்தார்?

நிலபுலன்கள் உள்ள குடும்பத்தின் கடைசிப் பிள்ளை அவர். தந்தை இன்னொருவருடைய கடனுக்குப் பிணை நின்றதால் குடும்பம் நிலம் முழுவதையும் இழந்து சிதறியது. ஓனோமிச்சி என்ற துறைமுக ஊரில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது, சடாவோ யமனாகா இயக்கிய படமொன்றைப் பார்த்து, இனித் தமக்குத் தொழில் சினிமாதான் என்று முடிவு செய்தார். 1934இல் கியோட்டோவில் இருந்த ஷின்கோ கினிமா என்ற ஸ்டூடியோவில் வேலை கிடைத்தது. உதவி இயக்குநராக அல்ல, படச்சுருளைக் கழுவிக் காயவைக்கும் தொழிலாளியாக. பின்னர் கலைப் பிரிவுக்கு மாறி, அரங்க வரைபடங்கள் போடக் கற்றுக்கொண்டார்.

திரைக்கதை என்று ஒன்று உண்டு என்பதே அவருக்குத் தெரிய வந்த விதத்தை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார்: பயன்படுத்தி முடித்த திரைக்கதைத் தாள்கள் ஸ்டூடியோவின் கழிப்பறையில் துடைப்பதற்காக வைக்கப்பட்டிருந்தன, அவற்றை எடுத்துப் படிக்கத் தொடங்கினார். திரைக்கதை ஆசிரியர்களைப் பற்றிச் சொல்லப்படும் கதைகளில் இதைவிட அடக்கம் கற்பிக்கும் கதை வேறில்லை.

கென்ஜி மிசோகுச்சிக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

ஜப்பானியச் சினிமாவின் முதல் வரிசை இயக்குநர்களில் ஒருவரான மிசோகுச்சியிடம் ஷிண்டோ கலைப் பிரிவில் பணிபுரிந்தார். நாற்பத்தேழு ரோனின்களின் (தலைவனை இழந்த சாமுராய்களின்) கதையை மிசோகுச்சி 1941இல் படமாக்கியபோது, எடோ கோட்டையின் புகழ்பெற்ற நடைக்கூடத்தை ஸ்டூடியோவில் எழுப்பிய பணியில் ஷிண்டோவுக்கு முக்கியப் பங்கு இருந்தது. அந்நாட்களில் தாம் எழுதிய திரைக்கதையொன்றை மிசோகுச்சியிடம் காட்டியபோது, இது திரைக்கதையே இல்லை என்ற பொருள்பட அவர் தள்ளிவிட்டார். மனமுடைந்த ஷிண்டோ, உலக நாடகத் தொகுப்புகளை வரிசையாகப் படித்து, நாடகக் கட்டமைப்பைத் தாமாகவே பயின்றார். அந்த வறிய நாட்களில் அவருக்குத் துணையாக இருந்த முதல் மனைவி தக்காகோ 1943இல் காசநோயால் இறந்துபோனார்.

இந்தக் காயம் இரண்டு படங்களாக வெளிப்பட்டது. முதலாவது, 1951இல் வந்த அவருடைய முதல் இயக்கமான 'அன்பு மனைவியின் கதை'. இரண்டாவது, 1975இல் வந்த மிசோகுச்சி பற்றிய ஆவணப்படம். மிசோகுச்சியுடன் பணிபுரிந்த 39 பேரிடம் கேள்வி கேட்டு அதை எடுத்தார்; நடிகை கினுயோ தனாகாவிடம் மிசோகுச்சிக்கு இருந்த காதலைப் பற்றி அவரிடமே கூசாமல் கேட்கும் பகுதி இன்றும் பார்ப்பவரைச் சற்று நெளிய வைக்கும். ஆசிரியர்மேல் பக்தி இருந்தபோதிலும், அவரை ஒரு கொடுங்கோலராகவும் காட்டத் தயங்காத படம் அது. இடையில், போருக்குப் பிந்தைய ஆண்டுகளில், திரைக்கதை எழுதத் தகுதியில்லை என்று சொன்ன அதே மிசோகுச்சியின் சில படங்களுக்கு ஷிண்டோ திரைக்கதையில் பங்களித்தார் என்பதையும் குறிப்பிட வேண்டும்.

போர் அவரை எப்படிப் பாதித்தது?

1944இல் கடற்படைக்கு அழைக்கப்பட்டார். அப்போதே முப்பது வயதைக் கடந்துவிட்டிருந்ததால் அவர் சேர்ந்தது நூறு பேர் கொண்ட, வயதில் மூத்தவர்களின் பிரிவு. இவர்களுக்கு முதலில் இடப்பட்ட வேலை, படையினர் தங்குவதற்கான கட்டடங்களைத் துப்புரவு செய்வது. அது முடிந்ததும், யார் எங்கே போவது என்பதைச் சீட்டுக் குலுக்கித் தீர்மானித்தார்கள். நூறு பேரில் 94 பேர் இறந்தார்கள். மிஞ்சிய ஆறு பேரில் ஷிண்டோவும் ஒருவர். போர்முனையில் காட்டிய துணிவோ திறமையோ இதில் எதையும் தீர்மானிக்கவில்லை என்பதை அவர் வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் பிறந்த மாகாணத்தின் தலைநகர்மீது 1945 ஆகஸ்ட் 6 அன்று அணுகுண்டு வீசப்பட்டது. சீட்டில் தப்பிய உயிர், ஊரோடு எரிந்த உறவுகள் என்ற இந்த இரண்டையும் விட்டு அவருடைய படங்கள் வெகுதூரம் போனதே இல்லை.

நல்ல நிலையில் இருந்தபோது ஷோச்சிகு ஸ்டூடியோவை ஏன் விட்டார்?

போருக்குப் பின் ஷோச்சிகுவில் திரைக்கதை ஆசிரியராக அவர் பெரும் வெற்றி பெற்றிருந்தார். வீழ்ச்சியடைந்த பிரபுக் குடும்பமொன்றைப் பற்றி அவர் எழுதி, கோசாபுரோ யோஷிமுரா இயக்கி, செட்சுகோ ஹாரா நடித்த 'அஞ்சோ இல்லத்தின் நடன விருந்து' 1947ஆம் ஆண்டின் சிறந்த படமாகக் கினிமா ஜும்போ இதழின் பட்டியலில் முதலிடம் பெற்றது. ஆயினும், ஷிண்டோவும் யோஷிமுராவும் எடுக்க விரும்பிய படங்கள் இருண்டவை என்று நிர்வாகம் கருதியது. குடும்பத்தோடு வந்து கண்ணீரும் சிரிப்புமாகப் பார்த்துவிட்டுப் போகும் படங்களே ஷோச்சிகுவின் அடையாளமாக இருந்த காலம் அது. கருத்து வேறுபாடு முற்றியதும், 1950இல் இருவரும் வெளியேறி, நடிகர் தாய்ஜி தோனோயாமா முதலானோருடன் 'கிந்தாய் எய்கா கியோகாய்', அதாவது நவீனத் திரைப்படச் சங்கம், என்ற அமைப்பைத் தொடங்கினார்கள்.

அக்கால ஜப்பானில் சுயாதீன இயக்குநராக இருப்பது என்றால் என்ன?

1950களின் ஜப்பானில் ஷோச்சிகு, டோஹோ, டாய்யே, டோயே, நிக்காட்சு போன்ற பெரிய நிறுவனங்கள் படம் எடுப்பவர்களாக மட்டும் இருக்கவில்லை; விநியோகமும், பெரும்பாலான திரையரங்குகளின் வாராந்திர அட்டவணையும் அவர்கள் பிடியில் இருந்தன. நடிகர்களும் இயக்குநர்களும் மாதச் சம்பளத்துக்கு ஒப்பந்தமானவர்கள். 1953இல் பெரிய நிறுவனங்கள், ஒருவர் ஆட்களை மற்றவர் இழுக்கக் கூடாது என்று தங்களுக்குள் உடன்பாடும் செய்துகொண்டன. ஆகவே வெளியே நின்று படமெடுப்பவருக்கு முதலீடு, நடிகர், கருவி, அரங்கு ஆகிய நான்குமே தனித்தனிச் சிக்கல்கள். படத்தை எடுத்து முடிப்பது பாதி வேலைதான். அதைத் திரையிட இடம் தேடுவது மீதிப் பாதி.

இந்நிலையில் சுயாதீனப் படங்களுக்குத் தொழிற்சங்கங்கள், நாடகக் குழுக்கள், பார்வையாளர் அமைப்புகள் ஆகியவை துணை நின்றன. டோஹோ ஸ்டூடியோவில் நடந்த பெரும் வேலைநிறுத்தங்களுக்கும், 1950இல் இடதுசாரிகள் வேலையிலிருந்து நீக்கப்பட்டதற்கும் பிறகு, தடாஷி இமாய், சட்சுவோ யமமோட்டோ போன்ற இயக்குநர்களும் இந்த வழிக்கே வந்தார்கள். ஷிண்டோ அந்த அலையைச் சேர்ந்தவர்தான். ஆனால் அலை ஓய்ந்து மற்றவர்கள் பலர் ஸ்டூடியோக்களுக்குத் திரும்பிய பிறகும் அவர் தம் நிறுவனத்தைக் கைவிடாமல் தொடர்ந்தார்.

'ஹிரோஷிமாவின் குழந்தைகள்' ஏன் முக்கியமானது?

அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகத்தின் கீழ், அணுகுண்டின் விளைவுகளைப் பற்றி வெளிப்படையாகப் பேசத் தணிக்கை இருந்தது. 1952 ஏப்ரலில் ஆக்கிரமிப்பு முடிவுக்கு வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் இந்தப் படம் வெளியானது. குண்டுவீச்சில் தப்பிய சிறுவர் சிறுமியர் எழுதிய அனுபவங்களை அராட்டா ஒசாடா என்ற கல்வியாளர் தொகுத்திருந்தார். அதை அடிப்படையாகக் கொண்டு, ஜப்பானிய ஆசிரியர் சங்கத்தின் ஆதரவுடன் படம் எடுக்கப்பட்டது. தீவொன்றில் வசிக்கும் இளம் ஆசிரியை, குண்டுவீச்சுக்கு முன் தாம் பாடம் சொல்லிக்கொடுத்த மழலையர் பள்ளிக் குழந்தைகளில் யார் யார் உயிருடன் இருக்கிறார்கள் என்று தேடி, கோடை விடுமுறையில் ஹிரோஷிமாவுக்குத் திரும்புகிறாள். இடிபாடுகள் இன்னும் அகற்றப்படாத உண்மையான நகரத்திலேயே படப்பிடிப்பு நடந்தது.

ஆசிரியர் சங்கத்துக்குப் படம் நிறைவளிக்கவில்லை. கண்ணீர் அதிகம், குற்றச்சாட்டு குறைவு என்பதே அவர்களுடைய குறை. அடுத்த ஆண்டே ஹிடியோ செகிகாவா என்ற வேறோர் இயக்குநரைக் கொண்டு 'ஹிரோஷிமா' என்ற இன்னொரு படத்தை எடுக்க வைத்தார்கள். அந்தக் குறையில் ஓரளவு நியாயம் உண்டு என்றே தோன்றுகிறது: ஆசிரியை எல்லோரிடமும் ஒரே மாதிரி கனிவாக இருப்பதால் பல காட்சிகள் ஆறுதல் சொல்லும் வருகைகளாகவே நின்றுவிடுகின்றன. ஆனால் குண்டு விழும் கணத்தை, கடிகாரத்தின் டிக்டிக் ஒலியோடும் குழந்தைகள், பூக்கள், உடல்கள் என்று துண்டு துண்டான படிமங்களோடும் அமைத்திருக்கும் சில நிமிடங்களில், அதுவரை எவரும் திரையில் காட்டியிராத ஒன்றுக்கு அவர் வடிவம் கண்டுபிடித்துவிட்டார். 1953இல் கான் திரைப்பட விழாவிலும் படம் இடம்பெற்றது.

அதன் பிறகு நிறுவனம் ஏன் நொடித்துப்போகும் நிலைக்கு வந்தது?

1950களின் நடுவில் ஷிண்டோ எடுத்த படங்கள், வேலையற்றோர் குடியிருப்பில் வாழும் பெண்ணைப் பற்றியும், ஆள்சேர்ப்பு இலக்கை எட்ட முடியாமல் அஞ்சல் பண வண்டியைக் கொள்ளையடிக்கும் காப்பீட்டு முகவர்களைப் பற்றியும் பேசின. அவை பாராட்டுப் பெற்றன, பணம் பெறவில்லை. 1959இல் வந்த 'ஐந்தாம் ஃபுகுரியு மாரு' நிலைமையை மோசமாக்கியது. 1954 மார்ச் 1 அன்று பிகினி தீவில் அமெரிக்கா நடத்திய ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் கதிரியக்கச் சாம்பல், 23 பேருடன் சூரை மீன் பிடிக்கச் சென்ற, அதே பெயர் கொண்ட படகின்மேல் படிந்தது. அதன் கம்பியில்லாத் தந்தி இயக்குபவரான ஐகிச்சி குபோயாமா அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். ஐந்தே ஆண்டுகளில் இதைப் படமாக்கினார் ஷிண்டோ. நாடே அறிந்த செய்தியாக இருந்தும், கூட்டம் வரவில்லை. கடன் ஏறியது, சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அதற்கு முன் கடைசியாக ஒரு படம் எடுத்துவிடலாம் என்று முடிவானது.

'நிர்வாணத் தீவு' எப்படி எடுக்கப்பட்டது?

ஜப்பானியத்தில் 'ஹடாகா நோ ஷிமா' எனப்படும் இந்தப் படம் 1960இல் வெளியானது. கையில் இருந்த பணம் சுமார் 50 லட்சம் யென். அக்கால ஸ்டூடியோ படமொன்றின் செலவில் இது சிறு பகுதி. படப்பிடிப்புக் குழுவில் ஒரு டசனுக்குச் சற்றே கூடுதலானவர்கள். முக்கிய வேடங்களில் நால்வர்: நோபுகோ ஓடோவா, தாய்ஜி தோனோயாமா, உள்ளூரைச் சேர்ந்த இரண்டு சிறுவர்கள். களம், செட்டோ உள்நாட்டுக் கடலில் மிஹாரா நகருக்கு அப்பால், சாகி தீவின் அருகே கிடக்கும் சுகுனே என்ற குட்டித் தீவு. குழுவினர் பக்கத்துத் தீவில் தங்கி, நாள்தோறும் படகில் போய் வந்தார்கள்.

கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். குடிநீரே இல்லாத தீவின் சரிவில் கணவனும் மனைவியும் பயிர் செய்கிறார்கள். பக்கத்துத் தீவிலிருந்து தண்ணீரை மொண்டு, துடுப்புப் போட்டுக் கொண்டுவந்து, காவடித் தண்டில் இரண்டு வாளிகளையும் தோளில் ஏற்றிச் செங்குத்தான பாதையில் மேலே சுமந்து, ஒவ்வொரு செடிக்கும் ஒரு அகப்பை ஊற்றுகிறார்கள். இதைப் படம் அவசரப்படாமல், திரும்பத் திரும்பக் காட்டுகிறது. மனைவி ஒருமுறை கால் இடறி வாளியைக் கவிழ்த்துவிடும்போது கணவன் அறையும் அறையின் கனம், அதுவரை எத்தனை முறை அந்த ஏற்றத்தை நாமும் ஏறியிருக்கிறோம் என்பதிலிருந்தே வருகிறது. பின்னர் மூத்த மகன் நோயுற்று, மருத்துவர் வந்து சேர்வதற்குள் இறந்துபோகிறான். அடக்கம் முடிந்த மறுநாள், தாய் வாளியைத் தரையில் கவிழ்த்து, பயிர்களைப் பிடுங்கி எறிந்து கதறுகிறாள். கணவன் ஒன்றும் செய்யாமல் நிற்கிறான். பிறகு மீண்டும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றத் தொடங்குகிறான். சற்று நேரத்தில் அவளும்.

இந்தப் படத்தில் ஏன் வசனமே இல்லை?

இது ஊமைப்படம் அல்ல. துடுப்பு, காற்று, பள்ளிப் பிள்ளைகளின் ஆரவாரம், அழுகை எல்லாம் கேட்கின்றன. ஹிகாரு ஹயாஷியின் ஒரே மெட்டு பல வடிவங்களில் திரும்ப வருகிறது. பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வது மட்டும் இல்லை. இருநூறு திரைக்கதைகள் எழுதிய கை, தன் மிகப் புகழ்பெற்ற படத்தில் ஒரு சொல்லைக்கூட எழுதவில்லை என்பது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் நிறுவனத்தின் கடைசிப் படமாக இருக்கலாம் என்ற நிலையில், சினிமாவால் மட்டுமே செய்யக்கூடியதைச் செய்து பார்த்துவிட வேண்டும் என்று அவர் நினைத்தார். சிறு குழுவுக்கும் இந்த முடிவு உகந்ததாக அமைந்தது; மொழித் தடை இல்லாததால் வெளிநாடுகளில் விற்பதும் எளிதாயிற்று.

இந்த மௌனத்தை யதார்த்தம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தத் தீவுகளின் உழவர்கள் நம்மைப் போலவே பேசியவர்கள். பத்து வயது மகனோடு படகில் போகும் தகப்பன் ஒரு சொல்லும் பேசாதிருப்பது இயல்பல்ல. இது ஒரு சடங்கின் கட்டுப்பாடு. அந்தக் கட்டுப்பாட்டை ஏற்க முடியாதவர்களுக்கு, உழைப்பை அழகுபடுத்திப் புனிதமாக்கும் படமாக இது தெரியும். அந்தப் பார்வையைத் தவறு என்று ஒதுக்கிவிடவும் முடியாது.

மாஸ்கோ விருது எதை மாற்றியது?

1961இல் மாஸ்கோ திரைப்பட விழாவில், சோவியத் இயக்குநர் கிரிகோரி சுக்ராயின் படத்துடன் பெரும்பரிசை 'நிர்வாணத் தீவு' பகிர்ந்துகொண்டது. தொடர்ந்து அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் படம் விற்பனையாகி, கடன்கள் அடைந்தன. சங்கத்தைக் கலைக்கும் பேச்சும் அடங்கிற்று. உள்நாட்டு அரங்குகளின் தயவில்லாமலும் பிழைக்க முடியும் என்பது ஷிண்டோவுக்கு அப்போதுதான் உறுதியானது. மாஸ்கோவுடன் அவருக்கிருந்த உறவும் நீடித்தது. நோரியோ நாகயாமா என்ற பத்தொன்பது வயது கொலைக்குற்றவாளியை மையமாகக் கொண்டு அவர் 1970இல் எடுத்த படத்துக்கு அடுத்த ஆண்டும், முதுமையைப் பற்றிய 'வாழ வேண்டும்' என்ற படத்துக்கு 1999இலும் அங்கே உயர்ந்த விருதுகள் கிடைத்தன.

'ஓனிபாபா' பேய்ப்படமா?

பேய்ப்பட ரசிகர்கள் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள் என்பது உண்மை. ஆனால் 1964இல் வந்த இந்தப் படத்தில் பேய் என்று எதுவும் இல்லை. பதினான்காம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போர்க்காலம். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த நாணற்புல் வெளியில் வாழும் மாமியாரும் மருமகளும், வழிதவறி வரும் காயம்பட்ட சாமுராய்களைக் கொன்று, கவசத்தையும் வாளையும் விற்றுத் தானியம் வாங்குகிறார்கள். உடல்களை ஆழமான குழியொன்றில் தள்ளிவிடுகிறார்கள். போருக்குப் போன மகன் இறந்துவிட்டான் என்ற செய்தியுடன் அண்டைவீட்டுக்காரன் திரும்பிவர, மருமகள் இரவுதோறும் அவன் குடிசைக்கு ஓடத் தொடங்குகிறாள். தனித்து விடப்பட்டால் தன்னால் கொல்லவும் முடியாது, பிழைக்கவும் முடியாது என்று அஞ்சும் மாமியார், இறந்த சாமுராய் ஒருவனின் அரக்க முகமூடியை அணிந்து மருமகளைப் பயமுறுத்துகிறாள். முகமூடி கழற்ற முடியாமல் முகத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

மருமகளை மிரட்டிய மாமியாரின் முகத்தில் முகமூடி ஒட்டிக்கொண்ட கதை, ஷிண்டோ சிறுவயதில் கேட்ட பௌத்த நீதிக்கதை. அந்தக் கதையில் அது பாவத்தின் தண்டனை. ஷிண்டோ அதைப் பசியின் கதையாகவும் காமத்தின் கதையாகவும் திருப்பிவிட்டார். முகமூடியை உடைத்து எடுத்த பின் தெரியும் சிதைந்த முகத்துக்கு, அணுகுண்டில் தப்பியவர்களின் முகங்கள் மனத்தில் இருந்தன என்று அவரே கூறியிருக்கிறார்.

படமாக்கிய முறையும் கவனத்துக்குரியது. சீபா மாகாணத்தின் இன்பா ஏரியை ஒட்டிய சதுப்பு நிலத்தில் தற்காலிகக் குடில்கள் போட்டு, நடிகர்களும் தொழில்நுட்பக் கலைஞர்களும் ஒன்றாகத் தங்கினார்கள். வெப்பமும் பூச்சிகளும் தாங்காமல் சிலர் போக விரும்பியபோது, படம் முடியும் முன் போகிறவருக்குச் சம்பளம் இல்லை என்று விதி போட்டார் ஷிண்டோ. கூடித் தங்குவதைப் பற்றித் தோழமை ததும்பும் சொற்களில் எழுதுவோர் இந்த விதியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். கியோமி குரோடாவின் ஒளிப்பதிவில் அந்தப் புல்வெளியே ஒரு பாத்திரமாக அசைகிறது. ஒரே இடம், சில நடிகர்கள், காற்று என்று செலவில்லாத பொருள்களைக் கொண்டு இவ்வளவு நெருக்கமான அச்சத்தை உண்டாக்கியதால், 'நிர்வாணத் தீவை'விட இதுவே அவருடைய மேலான படம் என்பது இதை எழுதுபவரின் துணிபு. 1968இல் வந்த 'குரோனேகோ', சாமுராய்களால் வல்லுறவுக்குள்ளாகிக் கொல்லப்பட்ட இரு பெண்கள் பூனை ஆவிகளாகப் பழிவாங்கும் கதை. இது உண்மையாகவே பேய்ப்படம். அவ்வாண்டு கான் விழா, மாணவர் கிளர்ச்சியை ஒட்டிப் பாதியில் நிறுத்தப்பட்டதால், போட்டிக்குப் போன படம் பரிசு கேட்காமலேயே திரும்பியது.

நோபுகோ ஓடோவாவின் பங்கு என்ன?

தக்கராசுக்கா பெண்கள் இசை நாடகக் குழுவில் நட்சத்திரமாக இருந்து டாய்யே ஸ்டூடியோவுக்கு வந்தவர் ஓடோவா. கன்னக்குழிக்குப் பத்து லட்சம் டாலர் மதிப்பு என்று அந்நிறுவனம் விளம்பரம் செய்தது. 'அன்பு மனைவியின் கதை'யில் நடித்த பின், 'ஹிரோஷிமாவின் குழந்தைகள்' படத்துக்காக டாய்யேயை விட்டு விலகி ஷிண்டோவின் சங்கத்தில் சேர்ந்தார். உறுதியான சம்பளத்தையும் அழகு நாயகி என்ற இடத்தையும் துறந்து, வாளி சுமக்கவும் சேற்றில் புரளவும் வந்த இந்த முடிவு இல்லாவிட்டால், ஷிண்டோவின் நிறுவனம் நின்றிருக்குமா என்பது ஐயமே. 1979இல் வந்த 'கழுத்து நெரிப்பு' படத்துக்காக வெனிஸ் விழாவில் சிறந்த நடிகை விருது பெற்றார்.

அவர்களுடைய உறவு ஷிண்டோவுக்கு வேறு மனைவியும் பிள்ளைகளும் இருந்த காலத்திலேயே தொடங்கியது. திருமணம் நடந்தது 1970களின் பிற்பகுதியில்தான். பிற்காலத்தில் இருவருமே இதை மறைக்காமல் பேசினார்கள்.

தம் படங்கள் ஓடாத ஆண்டுகளில் அவர் எப்படிப் பிழைத்தார்?

பிறருக்கு எழுதினார். யசுசோ மசுமுராவுக்கு 'மஞ்சி', 'செய்சாகுவின் மனைவி', செய்ஜுன் சுசுகிக்கு 'சண்டைப் புலம்பல்', செய்ஜிரோ கோயாமாவுக்கு 'ஹாச்சிகோவின் கதை' என்று அவர் எழுதியவை தரத்திலும் தன்மையிலும் ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை. இறந்த எஜமானருக்காக ரயில் நிலையத்தில் காத்திருந்த நாயின் கதையான 'ஹாச்சிகோவின் கதை' 1987இல் ஜப்பானில் பெரும் வசூல் கண்டது. ஸ்டூடியோக்களை விட்டு வெளியேறியவர் ஸ்டூடியோக்களுக்கே எழுதியதை முரண்பாடாகக் கருத வேண்டியதில்லை. எழுத்தின் கூலியில் வீடு நடந்தது; தம் படங்களில் அவர் சமரசம் செய்ய வேண்டிய தேவையை அது குறைத்தது.

முதுமையில் எடுத்த படங்கள் எப்படிப்பட்டவை?

1970களிலும் 80களிலும் அவர் இடைவிடாமல் இயங்கினாலும், எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. ஓவியர் ஹோகுசாய் பற்றிய படம் போன்றவற்றை ஆர்வலர்கள் தவிர மற்றவர்கள் தவறவிட்டாலும் இழப்பில்லை. ஹிரோஷிமாவில் குண்டுவீச்சில் சிக்கி இறந்த நாடகக் குழுவைப் பற்றி 1988இல் எடுத்த 'சகுரா குழு சிதறியது' விதிவிலக்கு.

எண்பது வயதைத் தாண்டிய பிறகுதான் இரண்டாம் வசந்தம். 1994இல் 'பிற்பகல் உயில்' என்ற படத்தைத் தொடங்கியபோது, ஓடோவாவுக்குக் கல்லீரல் புற்றுநோய் என்று ஷிண்டோவுக்குத் தெரியும். படத்தை நிறுத்தாமல் எடுத்து முடித்தார். மலைப்பகுதி விடுதி வீட்டுக்குக் கோடையில் வரும் மூத்த நடிகையாக ஹாருகோ சுகிமுராவும், அவ்வீட்டைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் பெண்ணாக ஓடோவாவும் நடித்தார்கள். சாவைப் பற்றிய படம் என்றாலும் இதில் சிரிப்பு அதிகம். ஓடோவா அந்த ஆண்டு டிசம்பரில் இறந்தார். 1995இல் வெளியான படம் ஜப்பானிய அகாடமியின் சிறந்த படமாகத் தேர்வாயிற்று. 2000இல் வந்த, தோனோயாமாவின் வாழ்க்கையைச் சொல்லும் படத்தில், ஓடோவா இறப்பதற்கு முன் அவரைப் பற்றிப் பேசிப் பதிவு செய்திருந்த காட்சிகளும் இடம்பெற்றன. 2003இல் முடித்த 'ஆந்தை', ஒரே குடிசைக்குள் தாயும் மகளும் வருகிற ஆண்களைக் கொல்லும் கதை. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் 'ஓனிபாபா'வை ஓர் அறைக்குள் அடக்கிய கறுப்பு நகைச்சுவை என்று அதைச் சொல்லலாம்.

கடைசிப் படம் 'ஓர் அஞ்சலட்டை'. சக்கர நாற்காலியில் அமர்ந்து தொண்ணூற்றெட்டு வயதில் இயக்கினார். மகன் ஜிரோ தயாரித்தார், இயக்குநரான பேத்தி காசே அருகிருந்து உதவினார். சீட்டுக் குலுக்கலில் தப்பிய நூறு பேர் பிரிவின் கதையை அப்போதுதான் நேரடியாகக் கையிலெடுத்தார்: சாகப் போகும் வீரன், மனைவி தனக்கு எழுதிய அஞ்சலட்டையைத் தோழனிடம் கொடுத்து, நீ பிழைத்தால் அவளிடம் போய் நான் இதைப் படித்தேன் என்று சொல் என்கிறான். 2010இல் டோக்கியோ திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு பெற்றது. ஆஸ்கருக்கு ஜப்பானின் பரிந்துரையாகவும் சென்றது.

அவர்மீது வைக்கப்படக்கூடிய விமர்சனங்கள் எவை?

முதலாவது, சொல்ல வந்ததை இருமுறை சொல்லும் பழக்கம். உருவத்தில் தெளிவாகிவிட்டதைப் பாத்திரத்தின் வாயாலும் சொல்ல வைப்பார். 'நிர்வாணத் தீவு' தப்பித்தது வசனத்தை அறவே தடை செய்துகொண்டதால். இரண்டாவது, பெண்களை அவர் பார்க்கும் விதம். தாயும் கொலைகாரியும் காமத்தின் சுமையாளும் ஒரே பெண்ணாகத் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஆண்கள் பலவீனர்கள், பெண்கள் பூமி என்ற எளிய சூத்திரம் சில படங்களில் துருத்திக்கொண்டு நிற்கிறது. ஓடோவாவின் நடிப்பு பல இடங்களில் இந்தச் சூத்திரத்தை மீறி உயிர் பெற்றதனால், குறை பளிச்சென்று தெரிவதில்லை. இடதுசாரி உணர்வு கொண்டவராக இருந்தும் அரசியல் அமைப்புகளைப் பற்றி அவர் படங்கள் அதிகம் ஆராய்வதில்லை என்பாரும் உண்டு. அவருடைய கவனம் எப்போதும் ஒரு வீடு, ஒரு தீவு, ஒரு குழி என்ற அளவிலேயே இருந்தது. அது அவருடைய எல்லை, பலமும் அதிலேதான்.

புதிதாகப் பார்க்க விரும்புபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

'ஓனிபாபா'விலிருந்து தொடங்குவது நல்லது; நூறு நிமிடங்களை ஒட்டிய அந்தப் படம் பழைய படங்களைப் பார்த்துப் பழகாதவரையும் பிடித்துக்கொள்ளும். அடுத்து 'நிர்வாணத் தீவு'; கைப்பேசித் திரையில் பார்த்தால் வாளிகளின் சுமை தெரியாது, ஆகவே கூடுமானவரை பெரிய திரையில், இடையில் நிறுத்தாமல் பார்க்க வேண்டும். இவ்விரண்டும் 'குரோனேகோ'வும் நல்ல அச்சில் வட்டுகளாகக் கிடைக்கின்றன. அவற்றுக்குப் பின் 'ஹிரோஷிமாவின் குழந்தைகள்' படத்துக்கும் 'ஓர் அஞ்சலட்டை'க்கும் இடையே உள்ள ஏறத்தாழ அறுபது ஆண்டுகளைத் தாண்டி இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கலாம். மிசோகுச்சி பற்றிய ஆவணப்படத்தை மட்டும், மிசோகுச்சியின் படங்கள் இரண்டு மூன்றையாவது பார்த்துவிட்ட பிறகு எடுத்துக்கொள்வது சரியாக இருக்கும்.